நிறம் சொன்னவள்

மில்லுக்கு என்ன சரக்கு வந்தாலும் சோலைமுத்து முதலில் காதைத்தான் கொடுப்பான். மோட்டார் என்றால் அதன் தண்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, உள்ளே பேரிங் என்ன முனகுகிறது என்று குனிந்து கேட்பான். பீங்கான் இன்சுலேட்டர் என்றால் விரல் முட்டியால் தட்டுவான். கணீரென்றால் சரி, பொத்தென்று கேட்டால் எங்கோ முடியளவு விரிசல். எண்ணெய்க் கசிவைப் பார்க்கப் பழைய செய்தித்தாளைக் கிழித்து மூட்டு மூட்டாக ஒற்றி எடுப்பான்.

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் சாலையில் இருந்தது அந்த நூற்பாலை. மின்சாதனம் எது வந்து இறங்கினாலும், ஸ்டோர்ஸில் சோலைமுத்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் லாரி திரும்பிப் போக முடியும். பதினொரு வருடமாக இதே வேலை. ‘சோலைமுத்து பாத்தாச்சா?’ என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, எலக்ட்ரீஷியன்கள் மேற்கொண்டு எதையும் பார்க்காமல் சாதனத்தை எடுத்துப் போய் மாட்டுவார்கள்.

அவனுக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

நீலம் தெரியும். மஞ்சள் தெரியும். சிவப்பு, பச்சை, ஆரஞ்சு, பழுப்பு நான்கும் அவன் கண்ணுக்கு வெல்லப்பாகின் வெவ்வேறு பதங்கள். அதுவும் இருபத்துநாலு வயதுவரை அவனுக்கே தெரியாமல் இருந்தது. ரயில்வே தேர்வில் எழுத்துப் பரீட்சை எல்லாம் தாண்டி மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது, புள்ளி புள்ளியாக வட்டம் போட்ட ஒரு புத்தகத்தை விரித்து, இதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். எண்ணே இல்லையே என்றான். அடுத்த பக்கத்திலும் இல்லை என்றான். டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டார்.

வீட்டில் வந்து, கடைசிப் பட்டியலில் பெயர் வரவில்லை என்று சொன்னான். மணியாச்சியில் ரயில்வே வேலை பார்த்த மாமா, மாப்பிள்ளைக்கு வேலை வந்துவிடும் என்று நம்பி ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார். அந்தப் பேச்சு அப்படியே அடங்கியது. அதற்குப் பிறகு வந்த எந்தப் பேச்சுக்கும் சோலைமுத்து பிடி கொடுக்கவில்லை. இப்போது வயது நாற்பது.

ஐ.டி.ஐ. படிப்பும் நல்ல காதும் இருந்ததால் மில் அவனை எடுத்துக்கொண்டது. நிறத்தைச் சமாளிக்க அவனிடம் நிறைய உபாயங்கள் இருந்தன. லோடுமேன்களிடம், “அந்தச் செவப்பு கேபிள் டிரம்ம நகட்டுங்கப்பா” என்பான். அவர்கள் எதை நகர்த்துகிறார்களோ அது சிவப்பு. பேனலில் விளக்கு எரிந்தால், “லைட்டு சரியா எரியுதா, என்ன கலரு, சத்தமாச் சொல்லு” என்று தன் வேலையை மும்முரமாகப் பார்ப்பதுபோல் கேட்பான். இப்படியே ஏழு வருடம் ஓட்டிவிட்டான்.

பிறகு பாண்டிச்செல்வி வந்தாள்.

கழுகுமலைக்காரி. முப்பத்துநாலு வயது. கல்யாணமாகி இரண்டாம் வருடமே புருஷன் சாலை விபத்தில் போய்விட, அண்ணன் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வந்தாள். வந்த சரக்கின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. அதற்கு அவள் லாரிப் பக்கம் வரவே வேண்டியதில்லை. சோலைமுத்து எழுதிக் கொடுப்பதைப் பார்த்து அடித்தால் போதும். ஆனால் ஒவ்வொரு லாரிக்கும் நோட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து நிற்பாள். நின்று பேசிக்கொண்டே இருப்பாள்.

“சார், இந்த டிரம்முல இருக்கது செவப்பு கேபிளு. கரிசல்ல காயப்போட்ட மிளகாப்பழம் கணக்கா இருக்கு. பக்கத்துல இருக்கது பச்சை, நல்ல வேப்பங்கொழுந்து. இந்தப் பேனல்ல மூணாவது லைட்டு மாத்தி மாட்டிருக்கான் பாருங்க, பச்சை இருக்க எடத்துல செவப்பு இருக்கு.”

லோடுமேன்கள் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்திருந்தார்கள். லாரி வந்தால், ரேடியோவைப் போட்டாச்சா என்று கேட்டுச் சிரிப்பார்கள். சோலைமுத்துவும் சிரிப்பான். வாயாடிப் பெண், தனக்கு அதிர்ஷ்டமாக வந்து வாய்த்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வான். அவள் வந்த நான்கு வருடத்தில் அவனுக்கு ஓர் உபாயமும் தேவைப்படவில்லை.

ஆனி கடைசியில் புதிய மேனேஜராக விஜயராஜ் வந்தார். சாத்தூர்ப் பக்கத்துக்காரர், கோயம்புத்தூர் மில்களில் இருபது வருடம் இருந்தவர். வந்த மறுநாளே ஸ்டோர்ஸ் முற்றத்தில் நின்று அரைமணி நேரம் பார்த்தார். ஒருவர் பார்க்கிற வேலையில் இன்னொருவர் நின்று வர்ணனை செய்துகொண்டிருக்கிறார் என்று அவருக்குத் தோன்றியது. வருகிற திங்களிலிருந்து பாண்டிச்செல்வி டைம் ஆபீஸில் வருகைப் பதிவைப் பார்க்கட்டும், சோலைமுத்து எழுதுவதை அவரே கம்ப்யூட்டரில் ஏற்றட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

பாண்டிச்செல்வி நோட்டை மேசையில் வைத்துவிட்டு ஒருமுறை சோலைமுத்துவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேனேஜர் நின்றதால் சொல்லாமலே போனாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் வந்தது. மில்லின் புதுப்பகுதிக்கு வாங்கிய ஆயிரம் கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் வெள்ளிக்கிழமை வந்து சேரும் என்று கம்பெனி எழுதியிருந்தது. கூடவே ஒரு விவரத்தாள். டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் எண்ணெய் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். அப்போது வெளிக்காற்றை இழுத்து விடும். அந்தக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதற்காகப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாயில் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டிருப்பார்கள். பிரீத்தர் என்று பெயர். மணி நிறம் மாறியிருந்தால் ஈரம் புகுந்துவிட்டது என்று அர்த்தம். ஈரம் புகுந்த டிரான்ஸ்பார்மருக்கு மின்சாரம் கொடுத்தால் வெடிக்கவும் செய்யும்.

பழைய மணிகள் காய்ந்திருந்தால் நீலம், நனைந்தால் ரோஸ். அது சோலைமுத்துவுக்கு ஒரு தொல்லையும் தந்ததில்லை. நீலம் கருத்துத் தெரியும், ரோஸ் வெளிறித் தெரியும். இந்தத் தாளிலோ, பழைய மணியில் கலக்கும் மருந்து உடம்புக்கு ஆகாது என்பதால் புதுவகை மணி போட்டிருப்பதாக இருந்தது. காய்ந்திருந்தால் ஆரஞ்சு. நனைந்தால் பச்சை.

அவன் அந்தத் தாளை மூன்று தரம் வாசித்தான். கீழே இரண்டு நிறத்துக்கும் படம் போட்டிருந்தார்கள். இரண்டு கட்டமும் ஒரே கட்டமாகத்தான் தெரிந்தன.

புதன்கிழமை டீ நேரத்தில் கேண்டீனுக்குப் போனான். வழக்கமாக ஸ்டோர்ஸுக்கே டீ வரவழைத்துக் குடிப்பவன். வெள்ளிக்கிழமை முற்றத்துப் பக்கம் கொஞ்சம் வந்துவிட்டுப் போங்களேன் என்று பாண்டிச்செல்வியிடம் பேச்சுவாக்கில் சொல்லிவிட வேண்டும் என்பது யோசனை. அவளுக்குத்தான் வேடிக்கை பார்க்கப் பிடிக்குமே.

கேண்டீன் நடத்தும் சொர்ணத்தாய், அதிசயமாக வந்திருக்கிறானே என்று விசாரித்துக்கொண்டே டீயை ஆற்றினாள். யாரைத் தேடுகிறான் என்று கேட்டாள். டைம் ஆபீஸுக்கு மாறி வந்த பாண்டிச்செல்வியை என்றான்.

“ஊமைச்சியையா?” என்றாள் சொர்ணத்தாய். “அந்தா மூலையில இருக்கா.”

அவன் புரியாமல் பார்த்தான்.

“நாங்க அப்படித்தான் கூப்பிடுதோம். நாலு வருஷமா இங்கன சாப்பிடுதா, நாலு வார்த்த பேசிருப்பாளா? புருஷன் போனதுல இருந்து அப்படித்தானாம். பஸ்ஸுல கூட வாற பிள்ளைகளும் அதத்தான் சொல்லுதாளுவ. நல்ல பிள்ளை, வாய் மட்டும் கிடையாது.”

சோலைமுத்து மூலையைப் பார்த்தான். பாண்டிச்செல்வி தனியாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள் ஒரே சளசளப்பு. யாரும் அவளைப் பேச்சில் இழுக்கவில்லை. அவளும் நிமிரவில்லை.

டீ டம்ளரைப் பிடித்தபடியே அவன் நான்கு வருடத்தைத் திருப்பிப் பார்த்தான். ஸ்டோர்ஸ் அறையில் எதிரெதிர் மேசை. அங்கே அவள் என்ன பேசினாள்? ‘சரிங்க சார்.’ ‘அடிச்சிட்டேன் சார்.’ வேறு எதுவும் அவன் நினைவில் இல்லை. லாரி வந்து நின்றால்தான் அவள் பேசியிருக்கிறாள். அதிலும் ஊர்க்கதை, வீட்டுக்கதை ஒன்றும் கிடையாது. எது சிவப்பு, எது பச்சை. இவ்வளவுதான் அந்தப் பேச்சு முழுவதும்.

அவளுக்குத் தெரியும்.

காதுமடல் சுட்டது. யாருக்கும் தெரியாது என்று இவன் நெஞ்சை நிமிர்த்தி நடந்த நாளெல்லாம் ஒருத்தி இரக்கப்பட்டுக்கொண்டு கூட நடந்திருக்கிறாள். குருடனுக்குக் கோல் பிடிப்பதுபோல. பாதி டீயை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டான். வாசலைத் தாண்டும்போது அவள் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை அவள் தயவு வேண்டாம், தானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டிரெய்லர் வந்து நின்றது. ஆடிக் காற்று கரிசல் புழுதியை வாரி முற்றமெல்லாம் இறைத்துக்கொண்டிருந்தது. தூக்கி இறக்கக் கிரேனும் வந்து காத்திருந்தது. எலக்ட்ரீஷியன் இசக்கிமுருகன் டிரான்ஸ்பார்மரின் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கையெடுத்துக் கும்பிட்டான். அதை இணைத்து முதல் சுவிட்சைப் போடப்போகிறவன் அவன்தான்.

வண்டியிலிருந்து இறக்கும் முன்பே சோதித்துவிட வேண்டும். இறக்கிக் கையெழுத்தும் போட்டுவிட்டால், பிறகு எந்தப் பழுதையும் வழியில் நேர்ந்தது என்று நிரூபிக்க முடியாது. விஜயராஜ் தாமே சோதனைத்தாளை அட்டையில் செருகிக்கொண்டு கீழே நின்றார். சோலைமுத்து மேலே ஏறிப் பார்த்துச் சொல்ல, அவர் குறித்துக்கொள்வதாக ஏற்பாடு.

அவன் ஏறினான். பெயர்த்தகட்டு எண்ணை வாசித்தான். ஆர்டரில் இருந்த எண்ணோடு ஒத்துப்போனது. ரேடியேட்டர் தகடுகளை ஒவ்வொன்றாகத் தடவினான். பீங்கான்களைத் தட்டினான், எல்லாம் கணீரென்றன. மூட்டுகளில் காகிதம் ஒற்றினான்.

“அண்ணாச்சி, பொண்ணு பாக்க வந்தாப்புல பாக்குதீங்க,” என்று இசக்கிமுருகன் கீழிருந்து குரல் கொடுத்தான். “பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க, தட்ட மாத்திருவோம்.”

கிரேன்காரர் சிரித்தார். விஜயராஜ் சிரிக்காமல் அடுத்த வரியை வாசித்தார்.

“பிரீத்தர் மணி. ஆரஞ்சா, பச்சையா?”

கண்ணாடிக் குழாய் டிரான்ஸ்பார்மரின் மறுபக்கத்தில், சுவரைப் பார்த்து இருந்தது. கீழே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. சோலைமுத்து அதன்முன் குந்தினான். உள்ளே மணிகள். வெல்ல நிறம். மேலே கொஞ்சம் வெளிறியும் கீழே கொஞ்சம் அழுத்தமாகவும் இருப்பதுபோல இருந்தது. அது நிழலாகவும் இருக்கலாம். குழாயைக் கையால் மறைத்துப் பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

புதுச்சரக்கு. நேரே கம்பெனியிலிருந்து வருகிறது. ஆரஞ்சு என்று சொல்லிவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகத்தான் இருக்கும். மீதிப் பத்துக்கு இசக்கிமுருகன்தான் சுவிட்சுக்கு முன்னால் நிற்பான்.

பழைய உபாயமும் கைவசம் இருந்தது. அளவு நாடாவைப் பிடிக்க இசக்கியை மேலே கூப்பிட்டு, மணி என்ன கலரில் இருக்கிறது என்று போகிறபோக்கில் அவன் வாயைக் கிளறலாம். கூப்பிட வாயைத் திறந்தும் விட்டான்.

அப்போது ஏனோ அவளுடைய குரல் நினைவுக்கு வந்தது. சித்திரை வெயிலில், தகரம் கொதிக்கிற இதே முற்றத்தில், தொண்டை வறள வறள, மிளகாய்ப்பழம், வேப்பங்கொழுந்து என்று சொல்லிக்கொண்டு நின்ற குரல். பேசவே பிடிக்காத ஒருத்தியின் குரல். இரக்கத்துக்காக ஒரு நாள் பேசலாம், ஒரு மாதம் பேசலாம். நான்கு வருடம் யார் பேசுவார்கள்?

இனி ஒரு பொய்யைக்கூடத் தூக்க உடம்பில் தெம்பில்லை என்று பட்டது அவனுக்கு.

எழுந்து டிரெய்லரின் இந்தப் பக்கம் வந்து நின்றான்.

“சார், எனக்குத் தெரியல.”

“கண்ணாடி அழுக்கா இருக்கா? தொடச்சிட்டுப் பாருங்க.”

“கண்ணாடி சுத்தமாத்தான் இருக்கு. என் கண்ணுக்கு ஆரஞ்சும் பச்சையும் ஒண்ணுதான் சார். செவப்பும் அப்படித்தான். பிறந்ததுல இருந்தே.”

இசக்கிமுருகன் ஏதோ வேடிக்கை என்று சிரிக்கத் தொடங்கி, சோலைமுத்துவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான். கிரேன்காரர் என்ஜினை அணைத்தார். விஜயராஜ் அட்டையைத் தாழ்த்தி, அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்ப இத்தனை வருஷம் எப்படிப் பாத்தீங்க?”

“பாண்டிச்செல்வி சொல்லுவாங்க.”

மேனேஜர் டைம் ஆபீஸிலிருந்து அவளைக் கூட்டிவரச் சொன்னார்.

புழுதிக்கு முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு அவள் முற்றத்தைக் கடந்து வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஏணியில் ஏறினாள். சோலைமுத்து கை கொடுக்கலாமா என்று தயங்கி, பிறகு கொடுத்தான். அவள் பிடித்து ஏறிக்கொண்டாள். குழாய்க்கு முன்னால் குந்தி ஒரே ஒரு நிமிடம் பார்த்தாள்.

“மேல ரெண்டு விரக்கட ஆரஞ்சு இருக்கு சார், செவ்வந்திப்பூ கணக்கா. அதுக்குக் கீழ பூராவும் பச்சை. பாசிப்பயறு.”

சோலைமுத்து அவள் பக்கத்தில் குந்தினான். கீழிருந்து மேலாக நனைந்திருக்கிறது என்றால் காற்று நுழைகிற அடிப்பக்கத்தில்தான் கோளாறு. குழாயின் அடியில், காற்றை வடிகட்ட எண்ணெய் ஊற்றி வைத்திருக்கும் சின்னக் கிண்ணத்தை விரலால் தடவினான். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. காய்ந்து கிடந்தது. நகத்தால் சுற்றி வரும்போது ஓரிடத்தில் நகம் தட்டியது. கண்ணுக்குத் தெரியாத விரிசல். வழியில் ஏதோ ஒரு கல்லோ கொம்போ பட்டு உடைந்திருக்க வேண்டும். எண்ணெய் முழுக்க வடிந்து, வடக்கேயிருந்து இரண்டு வாரம் மழைக்குள் வந்த வண்டியில், டிரான்ஸ்பார்மர் ஈரக்காற்றை நேராகக் குடித்துக்கொண்டே வந்திருக்கிறது.

டிரான்ஸ்பார்மரின் அடியிலிருந்த வடிகுழாயைத் திறந்து, வேறொரு கிண்ணத்தில் எண்ணெய் பிடித்தார்கள். இசக்கிமுருகன் ஓர் இரும்புக்கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டு வந்தான். சோலைமுத்து காதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள, கம்பியை எண்ணெயில் முக்கினான். சுத்தமான எண்ணெய் என்றால் வெறுமனே புகையும். இது படபடவென்று பொரிந்தது. உள்ளே தண்ணீர்.

இசக்கிமுருகன் கம்பியைக் கீழே வைத்துவிட்டு அந்த டிரான்ஸ்பார்மரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவன் வாயிலிருந்து ஒரு கேலி வரவில்லை.

சரக்கை ஏற்கவில்லை என்று எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கி, கம்பெனிக்குப் படம் அனுப்புவதற்குள் மணி இரண்டாகிவிட்டது. மூன்று மணிக்கு விஜயராஜ் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் நான்கு வருட சோதனை நோட்டுகளை எடுத்து அடுக்கி வைத்திருந்தார்.

நிறம் தெரியாத ஒருவரை மின்சாதனம் பார்க்கிற வேலையில் வைத்திருக்க முடியாது, அதை அவனே ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். ஓர் ஆளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். சோலைமுத்து ஒப்புக்கொண்டான். அதை நினைத்துத்தான் வாயைத் திறந்ததாகச் சொன்னான். வேலையைவிட்டு நிற்கச் சொன்னாலும் சரி என்றான். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

விஜயராஜ் பாண்டிச்செல்வி பக்கம் திரும்பினார். தெரிந்தும் ஏன் நிர்வாகத்திடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

அவள் மேசையில் அடுக்கியிருந்த நோட்டுகளைப் பார்த்தாள். பதில் வராது என்று அவர் நோட்டை எடுக்கப் போனபோது பேசினாள்.

“அந்த நோட்டுல ஒரு தப்பு இருக்கான்னு பாருங்க சார். நாலு வருஷம் நாங்க ரெண்டு பேரும் ஒழுங்காத்தான் பாத்தோம். நீங்கதான் ஒரு ஆள் போதும்னு சொன்னீங்க.”

விஜயராஜின் முகம் சிவந்ததோ என்னவோ, சோலைமுத்துவுக்குத் தெரியாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். கடைசியில், கிண்ணத்தில் விரிசல் இருப்பதை அவள் பார்த்தாளா என்று கேட்டார். இல்லை, தனக்கு அது தெரியவே இல்லை, சார் கைக்குத்தான் தட்டுப்பட்டது என்றாள்.

அவர் பேனாவை எடுத்துச் சோதனைத்தாளின் அடியில் ஒரு கோடு போட்டு, அதை இரண்டாகப் பிரித்தார். திங்களிலிருந்து பாண்டிச்செல்வி ஸ்டோர்ஸுக்கே திரும்பிவிடலாம். நிறம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து, மற்றதில் அவன் கையெழுத்து. ஒன்று இல்லாமல் மற்றது செல்லாது. தலைமை அலுவலகத்துக்கும் இப்படியே எழுதப்போவதாகவும், அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

தனியாகக் கையெழுத்துப் போட்டுப் பழகிய கைக்கு அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் அறையை விட்டு வெளியே வந்தபோது, பதினாறு வருடமாகச் சுமந்த ஒரு மூட்டையை எங்கோ இறக்கி வைத்துவிட்டு வந்ததுபோல் நடை தடுமாறியது.

செய்தி அதற்குள் மில் முழுக்கப் பரவியிருந்தது. ஷிப்டு முடிந்து வந்த லோடுமேன்கள் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருவன் தன் சட்டையைப் பிடித்துக் காட்டி, இது என்ன கலர் சொல்லுங்க அண்ணாச்சி என்றான். இன்னொருவன், அப்ப எங்களை டிரம்மை நகட்டச் சொன்னதெல்லாம் இதுக்குத்தானா என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். எந்தச் சிரிப்புக்குப் பயந்து ரயில்வே டாக்டரைப் பற்றிக்கூட யாரிடமும் சொல்லாமல் இருந்தானோ, அந்தச் சிரிப்பு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தீர்ந்துவிட்டது. பிறகு அவர்கள் அம்மன் கோவில் ஆடிக் கொடையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

சோலைமுத்துவுக்குக் கோவில்பட்டிக்குள் வீடு. பைக்கில் கிழக்கே போக வேண்டும். ஆனால் பைக்கை ஷெட்டிலேயே விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்தில் கழுகுமலை பஸ் நிற்கிற வேப்பமரத்தடிக்கு நடந்தான். பாண்டிச்செல்வி தூக்குச்சட்டியோடு நின்றிருந்தாள். காற்றில் பேசவே முடியவில்லை. பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருந்தது.

எப்போது தெரிந்தது என்று கேட்டான்.

வந்த முதல் மாதமே என்றாள். பாஸானதற்குப் பச்சை ஸ்டிக்கர், திருப்பி அனுப்ப வேண்டியதற்குச் சிவப்பு ஸ்டிக்கர். அதில் எழுத்து இருப்பதால் அவன் எழுத்தைப் பார்த்து ஒட்டிவந்தான். ஒரு தடவை அச்சகத்துக்காரன் எழுத்தில்லாமல் அடித்துக் கொடுத்துவிட்டான். அன்று வந்த நாற்பது மோட்டாரில் நல்ல முப்பத்தெட்டுக்கும் சிவப்பை ஒட்டி, பழுதான இரண்டுக்குப் பச்சையை ஒட்டிவிட்டு அவன் சாப்பிடப் போய்விட்டானாம். அவள் சாப்பிடாமல் இருந்து நாற்பதையும் உரித்து மாற்றி ஒட்டினாளாம்.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“நீங்க மறைச்சு வச்சத நான் எதுக்கு சார் வெளிய எடுக்கணும்?”

“எனக்காக நாலு வருஷம் வெயில்ல நின்னு கத்திருக்கீங்க. கேண்டீன்ல உங்களை ஊமைச்சிங்காங்க. நான் அதக்கூடத் தெரியாம இருந்திருக்கேன்.”

அவள் தூக்குச்சட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

“உங்களுக்காக மட்டும்னு நினைச்சுக்கிடாதீங்க. அவரு போனதுக்கப்புறம் எனக்குப் பேச ஒண்ணுமே இல்லாமப் போச்சு. வீட்டுல எல்லாரும் பாவம் பாவம்னு பாத்தா என்னத்தப் பேச? லாரி வந்து நின்னாத்தான் எனக்கும் வாய் திறக்கும். இந்தா செவப்பு இருக்கு, பச்சை இருக்குன்னு சொல்லச் சொல்லத்தான், உலகத்துல இதெல்லாம் இன்னும் இருக்கேன்னு எனக்கே தெரிஞ்சுச்சு. இந்த வாரம் டைம் ஆபீஸுல உக்காந்திருந்தேன் பாருங்க, எனக்கு மூச்சு முட்டிருச்சு.”

இவ்வளவு நீளமாக, நிறத்தைத் தவிர வேறொன்றைப் பற்றி அவள் பேசி அவன் கேட்டதில்லை. அவன் தனக்குத் தோன்றியதைக் கேட்டான்.

“உங்க அண்ணன் இப்ப வீட்டுல இருப்பாரா?”

“எதுக்கு சார்?”

“பேசணும்.”

அவள் அவனை நேராகப் பார்த்தாள். பிறகு சாலையைப் பார்த்தாள். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அவள் முன்வாசலில் ஏறிவிட்டாள். சோலைமுத்து ஒரு கணம் தரையிலேயே நின்றான். ஏறலாமா, அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடுமா என்று குழம்பினான். விசில் ஊதியதும் ஓடிப்போய்ப் பின்வாசலில் தொற்றிக்கொண்டான்.

கண்டக்டர் முன்பக்கம் பெண்களுக்குக் கட்டணமில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாண்டிச்செல்வி தன்னுடையதை வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகும் அவரை நகர விடாமல் பர்ஸைத் திறந்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

“பின்னால நிக்காங்கல்லா, அவியளுக்குக் கழுகுமலைக்கு ஒரு டிக்கெட்டு குடுங்க.”

கூட வருகிற பெண்கள் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். கண்டக்டர் கூட்டத்துக்கு மேலாக எட்டி, யாரென்று ஒரு பார்வை பார்த்தார். சோலைமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றான். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்தார்.